பீனிக்ஸ் வெயிலில் கொல்லைக்கோழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் பக்கத்தில், மேசாவில், ஐந்து பெட்டைக்கோழிகளோடு ஆறாவது கோடை எங்களுக்கு. பொங்கல் விழாவிலோ பிள்ளைகளின் பிறந்தநாளிலோ யாராவது "நீங்கதானே கோழி வளர்க்கிறவர்?" என்று ஆரம்பித்தால், அடுத்து என்ன கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். அதே கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே கீழே தந்திருக்கிறேன்.

சேவல் இல்லாம கோழி முட்டை போடுமா?

போடும். சேவல் வேண்டியது குஞ்சு பொரிக்க மட்டும்தான். சேவல் இல்லாத வீட்டு முட்டையில் கரு இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். சைவக்காரர்கள் சிலர் இதைக் கேட்டு நிம்மதியானதைப் பார்த்திருக்கிறேன். ஆசைப்பட்டாலும் சேவல் வளர்ப்பது இங்கே கஷ்டம். காரணம் அடுத்த பதிலில்.

சட்டப்படி வளர்க்கலாமா? யாராவது புகார் கொடுத்தா?

2024 மே மாதம் அரிசோனா கவர்னர் கேட்டி ஹாப்ஸ் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அரை ஏக்கரோ அதற்குக் குறைவோ உள்ள மனையில் தனி வீட்டில் இருப்பவர், கொல்லையில் ஆறு கோழி வரை வளர்ப்பதை எந்த நகராட்சியும் தடுக்க முடியாது. ஆனால் நகராட்சி சில நிபந்தனைகள் போடலாம். சேவல் கூடாது எனலாம். கூண்டு பக்கத்து மனையிலிருந்து 20 அடியாவது தள்ளி இருக்க வேண்டும், 200 சதுர அடிக்கும் 8 அடி உயரத்துக்கும் மேல் போகக் கூடாது எனலாம். எச்சத்தை வாரம் இரண்டு முறையாவது அள்ள வேண்டும், தீவனத்தை எலியும் பூச்சியும் புகாத டப்பாவில் வைக்க வேண்டும் எனலாம். உங்கள் நகரம் இவற்றில் எதையெல்லாம் எடுத்துக்கொண்டிருக்கிறது என்று அதன் இணையதளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

எனக்குத் தெரிந்து, புகார் கொடுக்கிறவர் கோழி இருப்பதற்காகக் கொடுப்பதில்லை. ஈ, நாற்றம், சத்தம் இந்த மூன்றுக்காகத்தான் கொடுக்கிறார். இந்தப் பக்கத்தில் பாதி அதைப் பற்றித்தான்.

எங்க ஏரியாவுல எச்.ஓ.ஏ. இருக்கு. அவங்களுக்கும் இந்தச் சட்டம் உண்டா?

இல்லை. மேலே சொன்ன சட்டம் நகராட்சியின் கையைத்தான் கட்டுகிறது, எச்.ஓ.ஏ. எனும் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் கையை அல்ல. வீடு வாங்கும்போது கையெழுத்துப் போட்ட அந்தத் தடிமனான ஒப்பந்தத்தில் கோழி கூடாது என்றிருந்தால் கூடாதுதான். பலர் அதைப் படிக்காமலே கூண்டு வாங்கிவிடுகிறார்கள். கூண்டு பெட்டிக்குள்ளேயே இருக்கும்போது படித்துவிடுங்கள், திருப்பிக் கொடுக்கவாவது முடியும்.

நம்ம ஊர்லயும்தான் வெயில். மதுரையில கோழி சும்மா தெருவுல திரியுது. இங்க மட்டும் ஏன் இவ்வளவு அலட்டல்?

நியாயமான கேள்வி. என் மாமியார் கேட்டது. மதுரையில் 40 டிகிரி செல்சியஸ் வந்தால் செய்தி, வேலூரில் 42 வந்தால் முதல் பக்கம். இங்கே 2023-இல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாள் தொடர்ந்து 110 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 43 செல்சியஸைத் தொட்டது அல்லது தாண்டியது. பகலை விடுங்கள். அந்த ஜூலையில் 16 நாள் தொடர்ச்சியாக இரவில்கூட 90-க்குக் கீழே, நம் கணக்கில் 32-க்குக் கீழே இறங்கவில்லை. ஊர்க்கோழிக்குப் புளியமரத்தடி உண்டு, வாய்க்கால் ஓரம் உண்டு. எங்கே குளிர்ச்சியோ அங்கே அதுவே போய்ப் படுத்துக்கொள்ளும். இங்கே நாம் அடைத்து வைத்த இடம்தான் அதற்கு உலகம்.

இன்னொன்று, கோழிக்கு வியர்க்காது. அதன் உடம்புச் சூடே ஏறத்தாழ 41 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை கொண்டை வழியாகவும் இறக்கையைத் தூக்கிப் பிடித்தும் சூட்டை வெளியே தள்ளும். காற்று 43 ஆகிவிட்டால் தள்ள இடமில்லை. அப்புறம் வாயைப் பிளந்து மூச்சிரைப்பது ஒன்றுதான் வழி. அதற்குத் தண்ணீர் வேண்டும். இங்கே கோழி வளர்ப்பு என்பது முக்கால்வாசி தண்ணீர் வேலை.

எந்த ரகம் வாங்கலாம்?

உடம்பு சிறியது, கொண்டை பெரியது, இறகு குறைவு. இப்படிப் பார்த்து வாங்குங்கள். வெள்ளை லெகார்ன் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், முட்டையும் நிறையப் போடும். எகிப்திலிருந்து வந்த ஃபயூமி வெயிலுக்கென்றே பிறந்தது மாதிரி. ஆனால் மகா ஓட்டம், சுவர் ஏறிப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். கழுத்தில் இறகே இல்லாத ரகம் ஒன்று உண்டு. பார்க்கச் சகிக்காது, வெயிலைத் தாங்கும்.

காலில் எல்லாம் இறகு வைத்த பிரம்மா, கொச்சின், பஞ்சுமூட்டை மாதிரி இருக்கும் ஆர்ப்பிங்டன் ஆகியவை படத்தில் அழகு. குழந்தைகள் அதைத்தான் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். இதே ஊரில் அவற்றை வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் ஜூலையில் அவர்கள் தூங்குவதில்லை.

குஞ்சு எப்போ வாங்கணும்?

தீவனக் கடைகளில் குஞ்சு வந்து குவிவது பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. அதில் பிப்ரவரிதான் நமக்குச் சரி. முதல் வாரம் குஞ்சுக்கு 35 டிகிரிச் சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். ஆறு வாரத்தில் இறகு முளைத்துவிடும். அதற்குப் பிறகு மெல்ல ஏறும் ஏப்ரல், மே வெயிலில் உடம்பு பழகிக்கொள்ளும். மே கடைசியில் வளர்ந்த கோழியை ஏசி வீட்டிலிருந்தோ குளிர்ச்சியான வேறு ஊரிலிருந்தோ கொண்டுவந்து இறக்குவதுதான் ஆபத்து.

கூண்டை காம்பவுண்ட் சுவர் ஓரமா ஒதுக்கி வச்சிடலாமா? இடம் அடைக்காதே.

எல்லோரும் செய்யும் முதல் தப்பு இது. நாங்களும் செய்தோம். இங்குள்ள கான்கிரீட் கல் சுவர் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்கத் துப்பும். ஜூலையில் இரவு பத்து மணிக்கு மேற்கு பார்த்த சுவரில் கை வைத்துப் பாருங்கள். தோசைக்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருக்கும். கோழி தூங்குவது அந்த நேரத்தில், அதன் பக்கத்தில். அந்தச் சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரரின் நாற்காலி கிடக்கிறது என்பது தனிக் கணக்கு. 20 அடி தள்ளி வைக்கச் சொல்லும் விதி பக்கத்து வீட்டுக்காக வந்தது, ஆனால் லாபம் கோழிக்கும்தான்.

வீட்டின் கிழக்குப் பக்கம் கிடைத்தால் பிற்பகல் நிழல் வீட்டுச் செலவு. இல்லையென்றால் மெஸ்கீட் மரத்தடி. அதுவும் இல்லையென்றால் மேலேயும் மேற்கேயும் நிழல் வலை. பனி விழும் ஊர்க்காரர்களுக்காகச் செய்த மரப்பெட்டிக் கூண்டுகளைக் கடையில் விற்கிறார்கள், அவை இங்கே அடுப்பு. நமக்கு வேண்டியது கூரையும் ஒரு பக்கச் சுவரும், மற்ற மூன்று பக்கமும் வலை. மெல்லிய கோழி வலை வேண்டாம், காயோட்டி (இங்குள்ள நரி மாதிரி விலங்கு) பல்லால் கிழித்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள கனமான கம்பி வலையை அடித்து, அடியில் ஒரு அடி மண்ணுக்குள் மடக்கிப் புதைத்துவிடுங்கள். மேலேயும் மூடுங்கள். பகலில் பருந்து, இரவில் கொம்பு ஆந்தை.

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி?

சாதாரண நாளில் ஒரு கோழி கால் லிட்டர் குடிக்கும். கோடையில் இரண்டு மடங்கு, சில நாள் அதற்கும் மேல். அளவைவிட முக்கியம் தண்ணீர் எவ்வளவு சூடு என்பது. சூடான தண்ணீரைக் கோழி தொடாது, தாகத்தில் சாகும் நிலையிலும் தொடாது.

இதை நாங்கள் படித்தது ஒரு கோழியைக் கொடுத்து. முதல் கோடை. தானாக நிரம்பும் தண்ணீர்க்குழாய் போட்டு, பெருமையாக ஆபீஸ் போய்விட்டேன். ஐந்து லிட்டர் வாளியில் தண்ணீர் நிறைய இருந்தது. அதிலிருந்து கோழி கொத்திக் குடிக்கும் சிவப்பு முனைவரை போகும் வெள்ளைக் குழாய் மட்டும் இரண்டு மணி நேரம் வெயிலில் கிடந்திருக்கிறது. மாலை வந்து முனையை அழுத்தினேன், விரலைச் சுட்டது. அப்போதிருந்த நான்கில் மூன்று கோழிகள் ஈர மண்ணைத் தோண்டிப் படுத்துப் பிழைத்தன. ஒன்று பிழைக்கவில்லை. அன்றிலிருந்து நிழலில் இரண்டு அகலமான மண்சட்டி. காலையிலும் மத்தியானத்திலும் ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரப்பி உறையவைத்த பாட்டில் ஒன்று. தோட்டக் குழாயில் பிடித்தால் முதலில் வரும் கொதிநீரை மரத்துக்கு விட்டுவிட்டு, கையில் பட்டுப் பார்த்துப் பிடியுங்கள்.

மிஸ்டர் போட்டா போதுமா? ஃபேன்?

உணவகத் திண்ணைகளில் பனி மாதிரி தூவும் அந்தக் குழாயைத்தான் இங்கே மிஸ்டர் என்கிறோம். ஜூனில் காற்று எலும்பாகக் காய்ந்திருக்கும், அப்போது அது அற்புதமாக வேலை செய்யும். ஏர் கூலரும் அப்படியே. ஜூலையில் மழைக்காற்று வந்து ஈரப்பதம் ஏறியதும் பாதிதான் வேலை செய்யும். ஃபேன் மட்டும் போட்டால், காற்று கோழி உடம்பைவிடச் சூடாக இருக்கும் நேரத்தில் அது முடி உலர்த்தும் மெஷினைப் பிடிப்பதற்குச் சமம். ஈரத்தோடு சேர்ந்தால்தான் ஃபேனுக்கு மரியாதை. இந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் முனைகள் அடைத்துக்கொண்டே இருக்கும். வினிகரில் ஊறப்போட்டால் திறக்கும்.

இதில்தான் ஒரு சிக்கல். கோழியைக் காப்பாற்றும் அதே ஈரம்தான் பக்கத்து வீட்டில் சண்டையை மூட்டுகிறது. எங்கள் இரண்டாம் கோடையில் மிஸ்டரை நாள் முழுக்க ஓடவிட்டோம். கோழிகள் ராணி மாதிரி இருந்தன. பத்தாம் நாள் பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டி, கோபப்படாமல், "உங்களுக்கும் ஈ வருகிறதா?" என்று கேட்டார். கூண்டடியில் எச்சமும் ஈரமும் சேர்ந்து ஒரு கருப்புச் சேறு. காலால் கிளறினால் வெள்ளைப் புழு. இப்போது மிஸ்டர் ஓடும் மூலை தனி, தூங்குகிற, எச்சம் விழுகிற மூலை தனி. காலை பதினொன்றிலிருந்து மாலை ஆறு வரை மட்டும் டைமரில் விட்டு விட்டு ஓடும்.

நாறாதா? ஈ, கொசு வராதா?

இந்த ஊர் வெயிலில் ஒரே ஒரு நன்மை, எச்சம் ஒரு மணி நேரத்தில் காய்ந்து ஓடாகிவிடும். காய்ந்த எச்சம் நாறாது, அதில் ஈப்புழுவும் வளராது. ஆக நாற்றம் வந்தால் எங்கோ ஈரம் கசிகிறது என்று அர்த்தம், அதைத் தேடுங்கள். தரையில் மணல் பரப்பி, சல்லடைக் கரண்டியால் அள்ளிவிடலாம். கோடையில் ஈ முட்டையிலிருந்து ஈயாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வாரம் இரண்டு முறை அள்ளினால் அந்தச் சுழற்சி நடுவிலேயே அறுந்துபோகும். இரண்டாம் கேள்வியில் வந்த விதி சும்மா வரவில்லை.

கொசுவை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2021-இல் இதே மாரிகோப்பா கவுண்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) வெஸ்ட் நைல் காய்ச்சல் 1,400 பேருக்கு மேல் வந்தது. பரப்பியது கொசு. மண்சட்டித் தண்ணீரைத் தினமும் கொட்டிக் கழுவுங்கள். மிஸ்டருக்கு அடியில் குட்டை கட்ட விடாதீர்கள்.

சத்தம் எப்படி? வீட்ல இருந்து வேலை பார்க்கிறவங்க பக்கத்துல இருக்காங்க.

பெட்டைக்கோழி விடிய விடியக் கூவாது. முட்டை போட்டதும் ஐந்து, பத்து நிமிடம் ஊரைக் கூட்டும். அதுவும் ஒன்று தொடங்கினால் மற்றவையும் சேர்ந்து கச்சேரி. பெரும்பாலும் காலை எட்டிலிருந்து பதினொன்றுக்குள். அந்த நேரத்தில் ஜூம் அழைப்பு இருப்பவர் படுக்கையறை ஜன்னல் பக்கம் முட்டைப்பெட்டியை வைக்காதீர்கள். நாள் முழுக்கக் கத்தினால் அது தாகம், பசி அல்லது பாம்பு. முட்டைப்பெட்டிக்குள் கையை விடும் முன் கண்ணை விடுங்கள்.

பக்கத்து வீட்ல முன்னாடியே சொல்லணுமா? சொன்னா வேண்டாம்னுடுவாங்களோ?

சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்கிற தொனியில் வேண்டாம், தகவலாகச் சொல்லுங்கள்: "கோழி வாங்கப் போகிறோம், சேவல் இல்லை, ஏதாவது தொந்தரவு என்றால் முதலில் எனக்கு மெசேஜ் போடுங்கள்." அந்தக் கடைசி வரி முக்கியம். எங்களுக்கு அந்தம்மா சுவருக்கு மேல் கேட்டது அதனால்தான். இல்லையென்றால் நகராட்சியிலிருந்து ஆள் வந்து கேட்டிருப்பார். அப்புறம், மாதம் ஒரு முறை அரை டஜன் முட்டை. சேறு விவகாரத்துக்குப் பிறகு நாங்கள் ஒரு டஜன் கொடுத்தோம்.

தேளைக் கோழி தின்னுடுமாமே? அதுக்காகவே வளர்க்கலாம்னு இருக்கோம்.

கண்ணில் பட்டால் தின்னும். ஆனால் இங்குள்ள மரப்பட்டைத் தேள் வெளியே வருவது ராத்திரியில். கோழிக்கு ராத்திரியில் கண் தெரியாது, இருட்டியதும் பரண் ஏறிவிடும். இரண்டும் சந்திப்பதே அபூர்வம். கரப்பானும் வெட்டுக்கிளியும் கோழியால் குறையும், அதனால் தேளுக்கு இரை குறையும். அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம்.

ஜூலையில முட்டையே இல்லை. போட்ட ஒண்ணு ரெண்டும் ஓடு பேப்பர் மாதிரி இருக்கு. நோயா?

பெரும்பாலும் நோயில்லை. மூச்சிரைக்க இரைக்க ரத்தத்திலிருந்து கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. முட்டை ஓடு செய்ய அந்த வாயுவிலிருந்து வரும் கார்பனேட் வேண்டும். சரக்கு இல்லாமல் ஓடு எப்படி? கூடவே வெயிலில் தீவனமும் குறைவாகத்தான் தின்னும். சிப்பி ஓட்டுத் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவைப்பட்டதை அதுவே எடுத்துக்கொள்ளும். தீவனத்தை விடியற்காலையிலும் இருட்டுமுன்பும் கொடுங்கள். தர்பூசணி கொடுக்கலாம். அவகாடோ கூடாது. வேகாத ராஜ்மாவும் கூடாது. அக்டோபரில் முட்டை நின்றால் அது வெயிலால் அல்ல, இறகு உதிர்க்கும் காலம். பொறுங்கள்.

மத்தியானம் முட்டை எடுக்க மறந்துட்டேன், வெளியே 110. சாப்பிடலாமா?

அன்றைய முட்டை, ஓடு விரியாதது என்றால் சாப்பிடலாம், எடுத்ததும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அடைகாக்க வேண்டிய சூடு 37.5 டிகிரி. அதாவது ஜூலையில் நம் கொல்லையே ஓர் இன்குபேட்டர். முதல் கேள்வியில் சொன்னபடி கரு இல்லாததால் குஞ்சு வராது, ஆனால் சீக்கிரம் கெடும். காலையிலும் மாலையிலும் எடுங்கள். எப்போது போட்டது என்று தெரியாமல் புதருக்குள் கண்டெடுத்த முட்டையைத் தூரப் போடுங்கள். உள்ளங்கையில் வெடித்த அனுபவம் எங்கள் வீட்டில் ஒருவருக்கு உண்டு.

கோழி வாயைப் பிளந்துக்கிட்டு இருக்கு. எப்போ பயப்படணும்?

வாய் பிளந்து, இறக்கை தூக்கி, நடமாடிக்கொண்டிருந்தால் அது தன் வேலையைப் பார்க்கிறது. நீங்கள் தண்ணீர்ச் சூட்டைப் பாருங்கள். தள்ளாடினால், கண்ணை மூடிப் படுத்துவிட்டால், கொண்டை வெளிறினால், தண்ணீர் காட்டியும் திரும்பாவிட்டால் உடனே தூக்குங்கள். ஒரு வாளியில் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் கழுத்துவரை சில நிமிடம் இறக்கி வையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், அதிர்ச்சியில் போய்விடும். தலை நனைய வேண்டாம். பிறகு வீட்டுக்குள், குளியலறையில், எலக்ட்ரோலைட் கலந்த தண்ணீரோடு. அந்தப் பொடி தீவனக் கடையில் கிடைக்கும், மே மாதமே வாங்கி வையுங்கள்.

ஜூன்ல ஸ்கூல் லீவுக்கு ஊருக்குப் போறோம், அஞ்சு வாரம். என்ன பண்றது?

இதற்கு நல்ல பதில் கிடையாது. வருடத்தின் மிக மோசமான ஐந்து வாரத்தில்தான் நாம் எல்லோரும் கிளம்புகிறோம். தானியங்கிக் கதவு, தானியங்கித் தீவனம் எல்லாம் உண்டு, ஆனால் மின்சாரம் போனால் மிஸ்டர் நின்றது யாருக்கும் தெரியாது. தினமும் இரண்டு முறை ஒரு மனிதர் வந்தாக வேண்டும். நாங்கள் பக்கத்துத் தெருக் கல்லூரிப் பையனுக்குச் சம்பளம் கொடுத்து வைக்கிறோம், கிளம்பும் முன் மூன்று நாள் கூடவே நிறுத்திக் காட்டிக்கொடுத்து. முட்டையெல்லாம் அவனுக்கே. ஆள் கிடைக்காவிட்டால், கோழியை ஊருக்குப் போகாத இன்னொரு வளர்ப்பாளரிடம் விடுங்கள். டிக்கெட் போடும் முன் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு.

முட்டை விலையை நினைச்சா லாபம்தானே?

இல்லை. கூண்டு, வலை, தீவனம், தண்ணீர் பில், பையன் சம்பளம். எங்கள் முட்டை கடை முட்டையைவிட விலை அதிகம். கணக்குப் பார்ப்பதை இரண்டாம் வருடமே நிறுத்திவிட்டோம்.

பறவைக் காய்ச்சல் வருதே, பயம் இல்லையா?

பயம் உண்டு. 2025 மே மாதம் இந்தக் கவுண்டியிலேயே ஒரு பெரிய முட்டைப் பண்ணையில் வந்து லட்சக்கணக்கான கோழிகள் போயின. காட்டு வாத்துகளும் நீர்ப்பறவைகளும் கொண்டுவருவது அது. தீவனமும் தண்ணீரும் கூரைக்கு அடியில் இருக்கட்டும், புறாவும் குருவியும் வந்து பங்கு கேட்கக் கூடாது. கால்வாய் ஓரம் நடந்துவிட்டு அதே செருப்போடு கூண்டுக்குள் போகாதீர்கள். ஒன்றுக்கு மேல் கோழி திடீரென்று செத்தால் கையால் தொடாமல் மாநில வேளாண் துறைக்குச் சொல்லுங்கள். அன்றாடம் கவனிக்க வேண்டியது சால்மொனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி: கோழியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் கையில் குஞ்சைக் கொடுக்காதீர்கள்.

முட்டை போடறதை நிறுத்தினா? குழம்புதானே?

சிரித்துக்கொண்டே கேட்பார்கள், ஆனால் பதில் வேண்டும் என்றுதான் கேட்பார்கள். கோழி ஆறு, எட்டு வருடம் இருக்கும். மூன்றாம் வருடத்திலிருந்து முட்டை குறையும். ஆறுதான் வரம்பு என்றால் கிழவி ஒன்று இடத்தை அடைத்துக்கொள்வது நிஜமான பிரச்சினை. குழம்பு வைப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டார் பார்வையில், கொல்லையில் வைத்து அறுக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

எங்கள் வீட்டுக் கிழவிக்கு ஆறு வயது, லெகார்ன், முதல் கோடையில் பிழைத்த மூன்றில் ஒன்று. வசந்தத்தில் வாரத்துக்கு ஒரு முட்டை போட்டால் அதிகம். அதற்குப் பேர் வைத்தது பக்கத்து வீட்டம்மாவின் பேரன். சுவருக்கு மேல் தினமும் அதைத்தான் விசாரிக்கிறான்.